நூற்றியொரு தட்டு

மனோஜ்குமாருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. அதையும் ஒரு நோய் என்று கண்டுபிடித்து மாத்திரை எழுதிக் கொடுக்க ஒரு டாக்டர் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. பெருந்துறை சிப்காட்டில் துணிக்குச் சாயம் போடுகிற கம்பெனியில் பாய்லர் ஃபிட்டர் வேலை. முப்பத்தெட்டு வயது, வாட்டசாட்டமான ஆள், கையில் ஸ்பேனர் இருந்தால் எந்த மெஷினையும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவான். ஆனால் எதிரில் இருக்கிறவர் மரியாதையாக "ஏனுங்க" என்று ஆரம்பித்துவிட்டால் போதும், இவன் "செரிங்க" என்று முடித்துவிடுவான்.

பேங்கிலிருந்து போன் வரும். ஒரு சின்னப் பிள்ளை மூச்சு விடாமல் பேசும். "சார், உங்களுக்குன்னே ஒரு கார்டு அப்ரூவ் ஆயிருக்குதுங்க சார்." பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு கார்டு தள்ளினால் ஏதோ நூறோ இருநூறோ கிடைக்குமே, நாம் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று நினைத்து வாங்கிக்கொள்வான். இப்படி இரக்கப்பட்டு இரக்கப்பட்டே அஞ்சு கார்டு சேர்த்த மனுசன் இந்தக் கொங்குச் சீமையில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். பர்ஸ் மூட முடியாமல் புடைத்துக்கொண்டு நின்றது. கார்டு சும்மா பர்ஸில் கிடந்த வரைக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

கெடுதல் தாராபுரத்தில் ஆரம்பித்தது. அங்கேதான் அவனுடைய ஒரே அக்கா எழிலரசியைக் கொடுத்திருக்கிறது. மச்சான் மயில்சாமி மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். நாலு வருசத்துக்கு முன்னால் அவர்களுடைய மூத்த பெண்ணுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். ஊரில் எல்லோரும் இருபத்தொரு தட்டு, மிஞ்சிப்போனால் ஐம்பத்தொரு தட்டு கொண்டுபோவார்கள். யாரோ ஒரு பங்காளி பேச்சுவாக்கில், "ஒரே அக்கா, நூத்தியொண்ணு வெச்சாத்தான மாமனுக்கு மருவாதி?" என்று கேட்டுவிட்டான். கேட்டவன் கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான். இவன் "செரிங்க" என்றான்.

நூற்றியொரு தட்டு. பட்டுப் புடவை, பவுன், பழம், முந்திரி, சாக்லேட், வளையல் என்று தட்டுக்கொரு சாமான். எல்லாவற்றுக்கும் முன்னால் ரிப்பன் கட்டின புது ஸ்கூட்டி. மேளம் அடித்துக்கொண்டு தெரு முழுக்க வரிசை நின்றது. மண்டப வாசலில் இவன் முகத்தை ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் மனம் குளிர்ந்துபோனது உண்மை, அதை இல்லையென்று சொல்லக்கூடாது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டுகளை வாங்கினாள். ஒரு பர்சனல் லோனும் மூன்று கார்டும் சேர்ந்து அந்த மத்தியானத்தை நடத்தி வைத்தன.

அப்புறம், இத்தனை பெரிய சீர் செய்த மாமன் அடுத்த விசேஷத்துக்கு பஸ்ஸிலா போவது? கார் வந்தது, காருக்கு லோன் வந்தது. கார்டுக்கு மாசாமாசம் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்றைக் காட்டுவார்கள், பார்ப்பதற்குப் பாவமாக இருக்கும், அதை மட்டும் கட்டினான். அதுவும் முடியாத மாசத்தில் ராமுலுவின் செல்போன் கடைக்குப் போவான். ராமுலு ஒரு கார்டை மெஷினில் தேய்த்து, போன் விற்றதாகப் பில் போட்டு, நூற்றுக்கு மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பான். அந்தக் காசை இன்னொரு கார்டுக்குக் கட்டுவான். அடுத்த மாசம் அந்தக் கார்டைத் தேய்த்து இந்தக் கார்டுக்கு. இவனுக்கு மெஷின் ஓட்டத் தெரியும் அல்லவா, இதையும் ஒரு மெஷின் மாதிரி ஒன்றரை வருசம் ஓட்டினான். பெண்டாட்டி லோகப்பிரியாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கார் லோனும், 'ஆறே மாசத்தில் மீட்டுத் தருகிறேன்' என்று அவன் அடகு வைத்த ஆறு பவுன் ஆரமும்தான்.

லோகப்பிரியா ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். முப்பது டெய்லர்களை மேய்க்கிறவள். எந்த மெஷினில் துணி தேங்குகிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். தன் வீட்டில் தேங்கினதுதான் அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தார்கள். கார்டுக்கு மனு எழுதும்போது இவன் அவள் கம்பெனி நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறான். வசூல்காரன் நாக்கில் நரம்பில்லாமல் பேசினான். ரூமில் இருந்த மூன்று பேருக்கும் காதில் விழுகிற மாதிரி பேசினான். அவள் குரலை உயர்த்தவில்லை. எந்தக் கார்டு, எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். நாளைக்கு நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, லைனுக்குத் திரும்பி, அன்றைய பீஸ்களை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். நானாக இருந்தால் அந்த ஆபீஸ் ரூமிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். அவனுக்கும் அவர்களுடைய பெண்ணுக்கும் நெய் ஊற்றிப் பரிமாறினாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பசியோடு இருக்கிற ஆம்பளையிடம் விசாரித்தால் பொய்தான் வரும் என்பது அவள் கட்சி.

"எத்தன கார்டுங்க?" என்றாள்.

அவன் ரெண்டு என்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூணு என்றான். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய் பர்ஸை எடுத்துவந்து அஞ்சையும் பாயில் வைத்தான். அப்புறம் ஒவ்வொன்றாகக் கக்கினான். கார்டு, பர்சனல் லோன், கார் லோன், அடகு வைத்த ஆரம் எல்லாம் சேர்த்துப் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்தால் மாசம் நாற்பத்தொன்பதாயிரம்.

லோகப்பிரியா எழுந்து வெளியே போனாள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். ரெண்டு டிரம்மையும் நிரப்பினாள், குடத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அவன் உள்ளே அஞ்சு கார்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"செரி. கடன நான் பாத்துக்கறேனுங்க. பொய்ய நீங்க பாத்துக்கங்க. இனி ஒரு பொய் வரக்கூடாது."

சண்டை இல்லை, அப்பன் வீட்டுக்குப் போகிறேன் என்ற பேச்சு இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு வாக்கியத்துக்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

முதலில் கார் போனது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய கார் வாங்கி விற்கிற ஜபருல்லா பாயிடம் ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூன்று லட்சம் என்றார். லோகப்பிரியா டயர் புதுசு, சர்வீஸ் சீட்டு எல்லாம் இருக்கிறது என்று பொறுமையாகப் பேசிப் பத்தாயிரம் ஏற்றினாள். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு பாய், ஊருக்கு எப்படிப் போவீர்கள் என்று விசாரித்து, அதே காரில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தன்னுடையதாக இருந்த காரின் பின் சீட்டில் மனோஜ்குமார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தான். இறங்கும்போது பாய் அவனிடம், கடனுக்காக வண்டி விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள், பெண்டாட்டியோடு வந்த உங்களுக்குச் சீக்கிரம் விடிந்துவிடும் என்றார்.

அடுத்தது ஆரம். எங்கள் பக்கத்தில் நகையை அடகு வைப்பார்கள், மீட்பார்கள், திரும்ப வைப்பார்கள். பத்து வருசம் வட்டி கட்டியே நகையின் விலையைக் கொடுத்து முடிப்பார்கள், ஆனால் விற்க மாட்டார்கள். விற்றால் அந்த வீடு நொடித்துவிட்டது என்று அர்த்தம். லோகப்பிரியா மீட்ட கையோடு கடையில் கொடுத்துக் காசாக்கினாள். அவளைப் பெற்ற அம்மா ரெண்டு மாசம் பேசவில்லை. அப்புறம் தங்கம் விலை எகிறினபோது கம்பெனியில் ஒவ்வொருத்தியும் வந்து, அவசரப்பட்டுவிட்டாயே என்று உச்சுக் கொட்டினார்கள். அந்தக் கார்டு வட்டி தங்கத்தைவிட வேகமாக ஏறும், வேணுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள். போட்டுப் பார்த்தவர்கள் அப்புறம் பேசவில்லை.

மீதியை அவள் தன் லைனைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். எங்கே ரொம்பத் தேங்குகிறதோ அங்கேதான் முதலில் ஆள் போட வேண்டும் என்பாள். எந்தக் கார்டுக்கு வட்டி கூடுதலோ அதற்கு முதல் அடி. ஒவ்வொரு பேங்குக்கும் அவளே போன் செய்து, கார்டை நிறுத்திவிடுங்கள், பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணையாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டாள். ஒருத்தன் முடியாது என்பான், அவள் மேலதிகாரியைக் கேட்பாள், அவர் வருகிற வரைக்கும் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே துணி மடிப்பாள். ஒரு பேங்கை வழிக்குக் கொண்டுவரப் பதினேழு போன் ஆனது. விசேஷத்துக்கு, சினிமாவுக்கு என்று யார் கூப்பிட்டாலும், "இப்பக் கடன் கட்டீட்டிருக்கறமுங்க, முடிச்சுப்போட்டு வாரமுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்வாள். அதைக் கேட்டு முதலில் மனோஜ்குமாருக்குத்தான் உடம்பு கூசியது. ஊர் ரெண்டு மாசம் பேசிவிட்டு அடுத்த வீட்டுச் சங்கதிக்குப் போய்விட்டது.

அவனும் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டூல் பையை மொபெட்டில் மாட்டிக்கொண்டு அரிசி ஆலை, எண்ணெய் ஆலை என்று மோட்டார் வேலைக்குக் கிளம்பிவிடுவான். தீபாவளி போனஸ் கவரைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தான். பத்தாவது மாசம் ஒரு தடவை சறுக்கினான். கூட வேலை செய்கிறவன் வீட்டுக் கல்யாணம், மொய் வைக்கக் கையில் காசில்லை. மூடாமல் மிச்சமிருந்த ஒரு கார்டை ராமுலுவிடம் கொடுத்து ஐயாயிரம் தேய்த்துவிட்டான். ஆனால் சாயங்காலமே வந்து, "அம்மணி, இப்படிச் செஞ்சுபோட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவள் திட்டவில்லை. அந்தக் கார்டை வாங்கி நூல் வெட்டுகிற கத்தரியால் ரெண்டாக நறுக்கினாள். பொய் சொல்லாமல் வந்தானே என்று அன்றைக்கு அவளுக்குச் சந்தோசம்தான், அதை அவனிடம் சொன்னது வெகுநாள் கழித்து.

இப்படி இருபத்தொன்பது மாசம். சொல்கிறபோது ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பெண் பள்ளிக்கூட டூருக்குப் போகாமல் இருந்த மாசமும் அதில் இருக்கிறது, ஒரே செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்ட மழைக்காலமும் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஐப்பசி வந்தபோது பாக்கி ஒரே ஒரு கார்டு, நாற்பத்தோராயிரம். மார்கழிச் சம்பளத்தோடு தலை முழுகிவிடலாம்.

அப்போதுதான் தாராபுரத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

மூத்த பெண்ணுக்கு அடுத்து, பத்து வருசம் கழித்து அக்காவுக்குப் பிறந்த பையன் நிதீஷ், அவனுக்குத் தை மாசம் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. மண்டபமும் பார்த்திருக்கிறது. மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். மாமன் இந்தத் தடவை எப்படிச் செய்யப் போகிறானோ என்று ஊரே பேசிக்கொள்கிறது என்று சொல்லி எழிலரசி சிரித்தாள். மனோஜ்குமாரும் சிரித்தான். "செரிங்க்கா, ஜமாய்ச்சுப்போடலாம்" என்றான். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

வாய் பழக்கம் அது. இருபத்தொன்பது மாசமாகப் பேங்குகளோடு பேசியது லோகப்பிரியா. இவன் ஒருத்தரிடமும் 'முடியாது' என்று சொல்லியிருக்கவில்லை.

பேங்குக்காரர்களுக்கு மூக்கில் வேர்க்கும்போல. அடுத்த நாளே மெசேஜ் வந்தது. ஒழுங்காகத் தவணை கட்டி வருகிற உங்களுக்கு மூன்றரை லட்சம் தயாராக இருக்கிறது, கையெழுத்து வேண்டாம், ஆபீஸுக்கு வர வேண்டாம், மூன்று இடத்தில் அழுத்தினால் போதும். பாய்லர் ரூமில் டீ குடிக்கிற நேரத்தில் அவன் அதைத் திறந்து பார்த்தான். முதல் பொத்தானை அழுத்தினான். மறுநாள் ரெண்டாவதையும் அழுத்தினான். மூன்றாவது பொத்தான் பச்சை நிறத்தில் நின்றது. ஒரு வாரம் அதைத் திறந்து திறந்து பார்த்தான். அழுத்தினால் நூற்றியொரு தட்டு, மேளம், அக்கா முகத்தில் பூரிப்பு. அழுத்தினால் இருபத்தொன்பது மாசமும் ஆற்றோடு போச்சு. அவனுக்கு ரெண்டும் நன்றாகத் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை.

எட்டாவது நாள் வேலை விட்டு வந்ததும் போனை லோகப்பிரியாவிடம் நீட்டினான். பொய்யைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு அல்லவா. அவள் பார்த்தாள். பச்சைப் பொத்தானை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்தது. பதினொரு லட்சத்துக்கு அழாதவள் இதற்குக் கலங்கிவிட்டாளே என்று அவன் பதறிப்போனான்.

"உங்கக்காகிட்ட நான் பேசறது ரெண்டு நிமிச சோலிங்க," என்றாள். "ஆனா நான் பேசுனா, பொண்டாட்டி தடுத்துப்போட்டானு ஆயிரும். அடுத்த தடவையும் உங்களுக்குச் சொல்ல வராது. இது நீங்க சொல்ல வேண்டியதுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கத்தை மூடச் சொல்லவும் இல்லை.

போனில் பேசினால் பழையபடி 'செரிங்க்கா' என்றுதான் வாயில் வரும் என்று அவனுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினான். காங்கயம் தாண்டுகிற வரைக்கும் 'அக்கா, முடியாதுங்க' என்பதை மனசுக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தான். எந்த விதத்தில் சொன்னாலும் கேவலமாகவே இருந்தது. தாராபுரத்தில் இறங்கி ரெண்டு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நடந்தான்.

அக்கா வீட்டு வாசலில் அவன் சீராகக் கொடுத்த ஸ்கூட்டி நின்றது. பின்னால் கம்பி வைத்துக் கட்டி, ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கியது. கடைக்காரர் வீட்டில் பால் கேனுக்கு என்ன வேலை என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அக்கா வந்துவிட்டாள். எப்படி வந்தாய், கார் எங்கே, சொல்லாமல் வந்திருக்கிறாயே சாமி, இரு கோழி அடிக்கிறேன் என்று பரபரத்தாள். அவன் அக்கா என்று ஆரம்பித்தான், காபி வந்தது. திரும்பவும் ஆரம்பித்தான், முறுக்கு வந்தது. மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது மயில்சாமி மச்சான் போனை எடுத்துவந்து ஃபிளெக்ஸ் மாடல் காட்டினார். நடுவில் பையன் சின்னதாக, பக்கத்தில் தாய்மாமன் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டு நின்றான்.

"இந்தப் போட்டோ போதுமா மாப்ள, வேற இருக்குதா?" என்றார்.

மனோஜ்குமார் அந்தக் கூலிங் கிளாஸ்காரனைப் பார்த்தான். காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, என்னால முடியாதுங்க்கா."

சொல்லிவிட்டான். வாய் திறந்த பிறகு நிற்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டினான். அஞ்சு கார்டு, ராமுலு கடை, விற்ற கார், விற்ற ஆரம், இருபத்தொன்பது மாசம், போனில் இருக்கிற பச்சைப் பொத்தான். "ஒரே ஒரு தட்டு கொண்டாருவேன். பையனுக்குத் தோடும் துணியும் வாங்கறதுக்கு எனக்குச் சக்தி இருக்குது. அதுக்கு மேல கடன் வாங்கித்தான் செய்யோணும். நான் வாங்க மாட்டேனுங்க்கா. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் செரி." அவன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக 'வேண்டாம்' சொன்னது அதுதான் முதல் தடவை.

எழிலரசி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். போச்சு, அக்கா மனசை உடைத்துவிட்டோம் என்று அவனுக்குப் பகீரென்றது. மச்சான் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ நூத்தியொரு தட்டு கொண்டாந்தீன்னு நாங்க ஆயிரத்தி இருநூறு எலை போட்டம் சாமி. அந்த எலைக்கு இன்னும் வட்டி கட்டீட்டிருக்கறம்."

அவனுக்கு விளங்கவே சற்று நேரம் பிடித்தது. அக்கா சொல்லச் சொல்லத்தான் ஏறியது. மாமன் இத்தனை பெரிய சீரோடு வருகிறபோது வீட்டு முற்றத்தில் முந்நூறு பேருக்குச் சோறு போட்டால் தம்பிக்குத்தான் அவமானம் என்று மண்டபம் பிடித்தார்கள், பந்தியைப் பெரிசாக்கினார்கள், கடைப் பத்திரத்தை ஃபைனான்ஸில் வைத்தார்கள். வட்டி கட்டத்தான் மச்சான் விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறார். இப்போது காதுகுத்துக்கும் மாமன் குறைவாகச் செய்ய மாட்டான், நாமும் குறையக்கூடாது என்று வீட்டுப் பத்திரத்தையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை கையெழுத்து. தம்பி நூற்றைம்பது தட்டு என்று சொல்லிவிடுவானோ என்று ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அவளுக்கு ஈரக்குலை நடுங்கியிருக்கிறது.

என்ன சனமப்பா இது! அக்கா மானத்துக்காகத் தம்பி கடன் வாங்க, தம்பி மானத்துக்காக அக்கா கடன் வாங்க, ரெண்டு பேரும் நாலு வருசமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து "நல்லா இருக்கறமுங்க" என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போன ஆயிரத்து இருநூறு பேரில் ஒருத்தருக்காவது அன்றைக்கு என்ன பொரியல் என்று ஞாபகம் இருக்குமா? அன்பு இல்லாமல் செய்த காரியமாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அத்தனையும் பிரியத்தில் செய்தது, அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

மயில்சாமி எழுந்தார். மண்டபத்துக்குப் போன் போட்டு, வேண்டாமுங்க என்று சொன்னார். அட்வான்ஸ் பத்தாயிரம் திரும்பாது என்றார்கள். போனால் போகிறது, வீடு மிஞ்சியது என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் எப்படித் தீர்த்தாய், உனக்கு யார் இவ்வளவு தைரியம் கொடுத்தது என்று அக்கா கேட்டாள். லோகு என்றான். மனோஜ்குமார் போனை எடுத்து, ரெண்டு பேருக்கும் முன்னால் அந்தப் பச்சைப் பொத்தான் பக்கத்தை மூடினான். அதற்குப் பிறகுதான் கோழி அடித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோகப்பிரியாவே தாராபுரம் வந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் மயில்சாமியைப் பார்த்து, "மொத்தம் எத்தன எடத்துலீங்க?" என்று கேட்டாள். அவர் ஒன்று என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனோஜ்குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்கழிச் சம்பளத்தில் கடைசிக் கார்டு முடிந்தது. பாக்கி ஏதும் இல்லை என்று பேங்கில் எழுதி வாங்கினார்கள். அந்தக் கார்டை நறுக்க அவள் கத்தரியை அவன் கையில் கொடுத்தாள்.

தை மாசம் ஒரு புதன்கிழமை, குலதெய்வம் கோயில். நாற்பது பேர், ஒரு கெடா, வேப்ப மரத்தடியில் அடுப்பு. மனோஜ்குமாரும் லோகப்பிரியாவும் பெண்ணும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவன் கையில் ஒரே ஒரு தட்டு. தேங்காய், பழம், புதுத்துணி, சின்ன ஜோடித் தோடு. ரொக்கம் கொடுத்து வாங்கின தோடு. பங்காளி ஒருத்தன் மீதித் தட்டு பின்னால் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். லோகப்பிரியா, "அவ்வளவுதானுங்க, வாங்க சாப்புடலாம்" என்றாள். எழிலரசி ஓடிவந்து அந்தத் தட்டை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நூற்றியொரு தட்டு வாங்கினபோது இருந்ததைவிட அவள் முகம் தெளிவாக இருந்தது.

நிதீஷை மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததுமே பையன் உடம்பு விறைத்துக்கொண்டது, அழுவதற்கு உதடு பிதுங்கியது. அந்த நேரம் பார்த்து மனோஜ்குமாரின் சட்டைப் பையில் போன் அடித்தது. பையனை ஒரு கையால் பிடித்தபடியே போனை எடுத்து, தோளால் காதோடு அணைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை மூச்சு விடாமல் பேசியது. சார், உங்க கணக்கு ரொம்ப நல்லா இருக்குதுங்க சார், அஞ்சு லட்சம் வரைக்கும் ரெடியா இருக்குதுங்க சார்.

லோகப்பிரியா பார்த்துக்கொண்டே நின்றாள். அக்காவும் மச்சானும் பார்த்தார்கள். பையனும் அழுகையை மறந்து மாமன் வாயையே பார்த்தான்.

"வேண்டாமுங்க அம்மணி," என்றான் மனோஜ்குமார்.

ஏன் சார், வட்டி கம்மிதான் சார் என்று அந்தப் பிள்ளை விடவில்லை.

"இருக்கட்டுமுங்க. இப்பத்தான் முடிச்சோம், இனி வேண்டாமுங்க. இங்க மருமகனுக்குக் காது குத்தறோம். மத்தியானம் ஆச்சே, நீங்க சாப்புட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க சார்" என்றது அந்தப் பிள்ளை, வேறு குரலில்.

"நேரத்துக்குச் சாப்புடுங்க கண்ணு" என்று சொல்லி வைத்தான்.

இதற்குள் ஆசாரி ஒரு காதை முடித்துத் தோட்டையும் மாட்டிவிட்டார். பையன் காதைத் தொட்டுப் பார்த்தான். வலித்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. மாமனை அண்ணாந்து பார்த்து, "இன்னொரு காதுக்கும் போன் வருமா மாமா?" என்று கேட்டான்.

"வரும் சாமி, வந்துட்டேதான் இருக்கும்" என்றான் மனோஜ்குமார். லோகப்பிரியா சிரித்துக்கொண்டே அவன் பையிலிருந்து போனை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஆசாரி பையனின் தலையை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினார்.